கடிவாளத்துக்கு முன்: சிங்கப்பூரில் இளங்குதிரை பழக்கிய கைகள்

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று வாசனை வீசுவது மீன்தலைக் கறிதான். பந்தயத் திடல் அங்கிருந்து பெயர்ந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1842இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பெயரில் தொடங்கிய சங்கம், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஃபேரர் பார்க்கில் தன் முதல் பந்தயத்தை நடத்தியது. 1924இல் அதன் பெயர் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் ஆனது. 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய அந்தக் கிளப், 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. முதல் பந்தயத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 181 ஆண்டுகள்.

இத்தனை ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டினால் குதிரையின் பெயர் கிடைக்கும், உடைமையாளர் பெயர் கிடைக்கும், ஜாக்கியின் எடையும் வென்ற நேரமும்கூடக் கிடைக்கும். அந்தக் குதிரைக்கு முதன்முதலில் தலைக்கயிறு மாட்டியவர் யார், முன்னங்காலைத் தூக்கிக் கொடுக்கப் பழக்கியவர் யார் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. குதிரை பழக்குவது பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றிலும் இதே ஓட்டை உண்டு. மேலே ஏறி உட்கார்ந்தவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கீழே நின்று தினமும் தேய்த்துவிட்டவர் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. ஆனால் இளங்குதிரை மனிதனிடம் பணிவதில் பெரும்பங்கு, ஏறி உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் அந்தப் பங்கைச் செய்தவர்கள் தமிழர்களும் பவேயன் தீவு மலாய்க்காரர்களும் வட இந்தியர்களுமான சைஸ்கள். நம் ஊர்ப்பக்கம் இவர்களைக் குதிரைக்காரர் என்போம்.

சிங்கப்பூர் குதிரை வளர்க்கும் மண் அல்ல. மேய்ச்சல் நிலம் கிடையாது, ஈரம் அதிகம், வெயில் தணியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே குதிரை கப்பலில்தான் வந்தது. வண்டி இழுக்கச் சுமத்திராவின் டெலி, ஜாவா, பர்மா பக்கத்து மட்டக்குதிரைகள் வந்தன. சவாரிக்கும் பந்தயத்துக்கும் ஆஸ்திரேலியக் குதிரைகள். பந்தய உலகில் இன்னும் ஓடிப் பார்க்காத புதுக்குதிரைக்கு ‘கிரிஃபின்’ என்று பெயர். கிளப் உறுப்பினர்கள் பணம் போட்டு ஒரு கூட்டம் கிரிஃபின்களை வரவழைப்பார்கள். கரை இறங்கியதும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு எது விழும் என்று தெரியாது, அதுதான் அதில் சுவாரஸ்யம். இப்படிக் கையில் விழுந்தது பழகிய குதிரையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பிறகு அது எங்கே போகும்? வீட்டுக்குத்தான். தங்லின் பக்கத்துப் பங்களாக்களில் பின்கட்டில் லாயம் இருந்தது, லாயத்தை ஒட்டிக் குதிரைக்காரரின் அறை இருந்தது. துரை காலையில் ஒரு மணி நேரம் சவாரி செய்துவிட்டு அலுவலகம் போய்விடுவார். மீதிப் பொழுது முழுவதும் குதிரையும் அதைப் பார்த்துக்கொள்பவரும்தான். வாடகை வண்டிகளிலும் இதே கதை. ஆரம்ப காலத்தில் ‘பல்லக்கு’ என்ற பெயரில் ஒற்றை மட்டக்குதிரை பூட்டிய பெட்டி வண்டி ஓடியது. அதில் வண்டிக்காரர் உட்கார இருக்கை இல்லாததால் குதிரையின் தலையருகே அவர் கூடவே ஓடுவார். வெயில் காயும் தெருவில் குதிரையோடு சேர்ந்து ஓடிக்கொண்டே அதன் மனநிலையைக் கவனித்த ஒருவருக்கு அந்த மிருகத்தைப் பற்றித் தெரியாதது என்ன இருந்திருக்கும்!

ரோச்சோர் ஆற்றங்கரையில், இன்றைய ஜாலான் புசாருக்கும் சையத் அல்வி சாலைக்கும் அருகே, பவேயன் தீவிலிருந்து வந்தவர்கள் கூடி வாழ்ந்த கம்போங் போயான் இருந்தது. குதிரை வேலை என்றால் அவர்களை நம்பலாம் என்று பெயர் எடுத்தவர்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சிராங்கூன் சாலையில் மாட்டு வியாபாரமும் பால் வியாபாரமும் கொடிகட்டிப் பறந்தன. பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். ஆற்றுத் தண்ணீர், புல், கொட்டில், பக்கத்தில் பந்தயத் திடல் என்று கால்நடைக்கு வேண்டியது எல்லாம் ஒரே வட்டாரத்தில் கிடைத்தன. இந்த வட்டாரம் தமிழர் வட்டாரமானதற்குக் கோயிலும் கடையும் காரணம் என்று சொல்கிறோம். மாட்டுக்கும் குதிரைக்கும் அதில் சமபங்கு கொடுப்பதே நியாயம்.

கப்பலில் வந்த குதிரைக்கு முதல் சில வாரங்கள் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நெடுநாள் நின்றே வந்ததால் கால்கள் வீங்கியிருக்கும், உடம்பு இளைத்திருக்கும், கண்ணில் மிரட்சி இருக்கும். முதல் வேலை தண்ணீரும் புல்லும். அடுத்த வேலை தேய்ப்பு. வைக்கோலை முறுக்கிச் சும்மாடு போலாக்கி, கழுத்தில் தொடங்கி முதுகு, வயிறு, தொடை என்று இறங்கித் தேய்ப்பார்கள். பார்ப்பதற்குச் சுத்தம் செய்வது போலத் தோன்றும். உண்மையில் அது பாடம். கழுத்தடியில் முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்துவிட்டால் குதிரை அமைதியாகும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடமும் அதுதான். அங்கே கை பழகிய பிறகு தோளுக்கு, தோளிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து குளம்புக்கு. குதிரை துணுக்குற்றால் கையை எடுக்காமல் அதே இடத்தில் வைத்திருந்து, அது ஓய்ந்த கணத்தில் எடுக்க வேண்டும். துள்ளும்போது எடுத்துவிட்டால் ‘துள்ளினால் கை போய்விடும்’ என்று அது கற்றுக்கொள்ளும். லாயத்து வித்தையில் முக்கால்வாசி இந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது.

இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்க வேண்டும் என்று குதிரைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் குதிரை ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடங்களிலும் திடீரென்று போய் நிற்பவர் உதை வாங்கினால் குற்றம் குதிரையினுடையது இல்லை.

குதிரையை வளர்க்காமல் வாங்கியே காலம் தள்ளிய அனுபவம் தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். ராவுத்தர் என்ற சமூகப் பெயரே குதிரையோடு வந்தது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் கதை நமக்குப் பால பாடம். நரிகள் பரியாகி மதுரைக்கு வந்து, இரவில் மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. குதிரை வாங்குவது என்பது பாண்டியனின் கருவூலத்தையே அசைக்கும் செலவு என்பதைப் புராணமும் மறைக்கவில்லை.

அந்தச் செலவு எவ்வளவு என்பதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்கிறார். அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார், அவருடைய நான்கு சகோதரர்களும் அவ்வாறே வாங்கினார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை. காரணம், குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று அங்கே தெரியவில்லையாம். வேகவைத்த சோறும் இறைச்சியும் தின்னக் கொடுத்தார்களாம். லாடக்காரரோ குதிரை வைத்தியரோ இல்லை. குதிரை கொண்டுவந்த வியாபாரிகள் லாடக்காரரை உடன் அழைத்து வராததோடு, வேறு யாரும் வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் விற்கும்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், தலைக்கு 220 தினார் என்று கணக்குச் சொல்கிறார். இந்த எண்களைக் கொஞ்சம் கழித்தே படிக்க வேண்டும். ஆனாலும் வியாபாரிகளின் தந்திரம் புத்திசாலித்தனமானது என்பதை மறுக்க முடியாது. குதிரையை விற்பார்கள், குதிரை அறிந்தவனை விற்க மாட்டார்கள்.

ஏட்டறிவு இல்லாமலில்லை. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் படங்களோடு தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. மல்லகதி, மயூரகதி, வானரகதி என்று குதிரை நடைகளுக்கு நம் நிகண்டுகளில் பெயர்கள் உண்டு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளின் வயிற்றுவாரைக்கூடச் சிற்பி விடவில்லை. சுழி பார்த்துக் குதிரை வாங்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இவை எல்லாம் குதிரையைப் பார்க்கும், பெயரிடும், தேர்ந்தெடுக்கும் அறிவு. குட்டியைத் தொட்டுப் பழக்கும் அறிவு கையில் இருப்பது. அதை ஓலையில் எழுதியவர் குறைவு.

மக்கள் மனதில் நின்றதோ தேசிங்கு ராஜன் கதை. டில்லி பாதுஷாவின் லாயத்தில் யாராலும் ஏற முடியாத பாராசாரி என்ற குதிரை. அதை அடக்க முடியாத தந்தை சிறையில். சிறுவன் தேசிங்கு போய் ஒரே ஏற்றத்தில் அடக்கித் தந்தையை மீட்கிறான். வரலாற்றின் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதில் மாண்ட செஞ்சி அரசன். கதைப்பாடலின் தேசிங்கு குதிரை அடக்கியதால் அழியாதவன். அடக்குதல் என்றால் நமக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது: ஒரு வீரன், ஒரு முரட்டுக் குதிரை, ஒரே நாள். பாராசாரிக்குத் தினமும் கொள்ளு வைத்தவன் கதையில் எங்குமே இல்லை.

மேலை நாட்டிலும் இந்த ஒருநாள் அடக்கலின் மோகம் அடங்கியபாடில்லை. 1550இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் கிரிசோனே எழுதிய சவாரி நூல் முரட்டுத் தண்டனைகளுக்குப் பேர்போனது. 1858இல் ஜான் ராரே என்ற அமெரிக்கர் விண்ட்சரில் விக்டோரியா மகாராணி முன்னால் முரட்டுக் குதிரைகளை அடக்கிக் காட்டி லண்டனையே வியக்க வைத்தார். முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டி, குதிரை களைத்துப் படுக்கும்வரை பொறுத்து, படுத்ததும் தடவிக் கொடுப்பது அவர் வழி. சவுக்கு அதில் இல்லை, அதனால் அதைக் கருணை முறை என்றார்கள். 131 ஆண்டுகள் கழித்து 1989இல் அதே விண்ட்சரில் இரண்டாம் எலிசபெத் முன்னால் இன்னொரு அமெரிக்கர், மாண்டி ராபர்ட்ஸ், வட்டக் கொட்டடியில் குதிரையை ஓடவிட்டு, பிறகு திரும்பி நின்று, குதிரை தானாக அவர் தோளருகே வரச் செய்தார். அது நம்மைத் தலைவனாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் விளக்கம்.

இந்த விளக்கத்தை ஒரு பொம்மைக் கார் பதம் பார்த்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனையில், மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வட்டக் கொட்டடியில் விட்டார்கள். குதிரை விலகி ஓடும்போது கார் விரட்டியது, குதிரை காரை நோக்கித் திரும்பியதும் விரட்டல் நின்றது. கொஞ்ச நேரத்தில் குதிரைகள் காரின் பின்னாலேயே போகத் தொடங்கின. காரைத் தலைவனாகக் குதிரை ஏற்றுக்கொண்டது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். நடந்தது வேறு. அழுத்தம் வந்தது, ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்ததும் அழுத்தம் விலகியது, குதிரை அந்தச் செயலைக் கற்றுக்கொண்டது. கையை எப்போது எடுப்பது என்று நம் குதிரைக்காரர் பார்த்துக்கொண்டிருந்த அதே கணம்தான் இது. ராபர்ட்ஸ் செய்வது வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் இல்லை. வேலை செய்வதன் காரணம் அவர் சொல்வது இல்லை என்பதே பொருள்.

அழுத்தம் எதிலும் இருக்கலாம். தலைக்கயிற்றின் மெல்லிய இழுப்பு, விலாவில் குதிகால், ஏன், நாம் நிற்கும் இடமே ஓர் அழுத்தம். குட்டியின் தலைக்கயிற்றை ஒரு பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்தால் முதலில் அது எதிர்த்து இழுக்கும். இன்னும் பலமாக இழுத்தால் கழுத்துப் பலத்தில் அதுவே வெல்லும். அதே அளவில் விடாமல் பிடித்திருந்தால், சற்று நேரத்தில் அலுத்துப்போய் மூக்கை ஒரு விரற்கடை நம் பக்கம் திருப்பும். அந்தக் கணத்தில் கயிறு தளர வேண்டும். அரை நொடி தாமதித்தால்கூடக் குட்டி அந்த நேரத்தில் வேறு எதைச் செய்ததோ அதைக் கற்றுக்கொண்டுவிடும். இப்படி ஒரு விரற்கடை இரண்டாகி, இரண்டு ஓர் அடியாகி, அப்புறம் கயிறு பேருக்குத்தான்.

கடிவாளத்திலும் இதே பொறுமை. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு கொஞ்சம் உண்டு. அங்கேதான் இரும்பு உட்காரும். வாயோரம் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தால் குதிரை வாயைத் திறக்கும், நாக்கைக் கடிவாளத்துக்கு அடியில் வைக்கப் பழகும்வரை விட்டு விட்டு மாட்டிக் கழற்ற வேண்டும். மாட்டும்போது பல்லில் இரும்பு மோதி ஒருமுறை வலித்துவிட்டால், அந்தக் குதிரை ஆயுள் முழுக்கத் தலையை உயர்த்திக்கொள்ளும்.

குதிரை மனிதனை எந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதற்குப் பெர்லினில் 1904 வாக்கில் கூட்டல் கழித்தல் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை சாட்சி. விடை வரும்வரை குளம்பால் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்தபோது, கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் எதிரே நிற்பவர் தம்மை அறியாமல் தலையைச் சிறிது அசைப்பதைப் பார்த்து அது நிறுத்தியது. கணக்குத் தெரியாத குதிரை என்று சிரித்தார்கள். ஒரு மயிரிழை அசைவைப் படிக்கும் கண் என்று நான் வியக்கிறேன். லாயத்தில் கோபத்தோடு நுழைபவரைக் குதிரை முன்கூட்டியே அறிந்துவிடுகிறது என்று சைஸ்கள் சொன்னதை இனி மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டியதில்லை.

மரபணு ஆய்வும் ஒரு பக்கம் ஒத்துப்போகிறது. இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூலம் மேற்கு யூரேசியப் புல்வெளி என்றும், அவை ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் எங்கும் பரவத் தொடங்கின என்றும் 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. முதுகின் உறுதியோடும் சாதுத்தனத்தோடும் தொடர்புடையதாகக் கருதப்படும் மரபணுக்கள் இந்தப் பரவலில் தேர்வாகியிருந்தன. ஆக, பயப்படும் சுபாவம் குறைந்த குட்டிகளையே மனிதன் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான். மிச்சப் பயத்தைத்தான் லாயத்தில் ஒவ்வொரு குட்டியிடமும் தனித்தனியாகக் கரைக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கப் படைவீரர் செனபோன். குட்டியைப் பழக்குநரிடம் அனுப்பும்போதே அது சாதுவாக, மனிதரை விரும்புவதாக இருக்க வேண்டும், அந்த வேலை வீட்டிலேயே குதிரைக்காரரால் முடிய வேண்டும் என்கிறார். வழியும் சொல்கிறார்: பசி, தாகம், ஈக்கடி இவை தனியாக இருக்கும்போது வருவனவாகவும், தீனியும் தண்ணீரும் ஈயை விரட்டும் கையும் மனிதரோடு வருவனவாகவும் குட்டிக்குப் படவேண்டும். கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே அதை நடத்திச் செல்ல வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகள் சவாரிக்காரர்களே புகழ் வாங்கினார்கள்.

பிறந்த முதல் மணிகளிலேயே குட்டியின் உடலெங்கும் கைபட வைத்தால் ஆயுள் முழுக்கச் சாதுவாகும் என்று 1990களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர் பரப்பிய முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னர் வந்த சோதனைகளில் நிலைத்த பலன் பெரிதாகத் தெரியவில்லை. தாயோடு ஒட்ட வேண்டிய நேரத்தில் குறுக்கே புகுவது சரியா என்ற கேள்வியும் உண்டு. தாய்க்குதிரை நம்மைக் கண்டு அமைதியாக இருந்தால் குட்டி அதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த வயதில் ஏறலாம் என்பது தீராத வழக்கு. முதுகெலும்பின் வளர்ச்சி முழுமையடைய ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, ஆனால் பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடுகிறது. கிராஞ்சியிலும் இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்று கோல்டன் ஹார்ஸ்ஷூ பந்தயம் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் என்று எதிர்ப்பாளர்கள் கேலி செய்வார்கள். நியூசிலாந்து மேசி பல்கலைக்கழக ஆய்வுகளோ இரண்டு வயதில் பயிற்சி தொடங்கிய குதிரைகள் பிற்காலத்தில் அதிக காலம் ஓடியதைக் கண்டன. வளரும் எலும்பு அளவான சுமையில் உரம் பெறுகிறது என்பது அதற்கான விளக்கம். ஆனால் ஆரோக்கியமான குட்டிகளே சீக்கிரம் பயிற்சிக்கு வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுகிய தூரம், அளவான வேகம், இடையில் ஓய்வு என்றால் நன்மை. பரிசுத்தொகை குறுக்கே வரும்போது அளவு என்ற சொல் முதலில் காணாமல் போகும்.

இன்றும் வீட்டில் குதிரைக்குட்டி பழக்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் என்று குதிரைகள் வரும். மேளத்துக்கு ஏற்பக் கால் தூக்கி ஆடும் நாட்டியக் குதிரைக்கு மவுசு அதிகம். அங்கே இருவகை ஆட்களையும் காணலாம். குட்டியைத் தோட்டத்தில் கட்டி, குழந்தைகள் தீனி கொடுக்க, கைக்குள் வளர்த்தவர்கள் ஒரு வகை. கூரான கடிவாளத்தைப் போட்டு, ஆட மறுத்தால் இழுக்கும் வகையும் உண்டு. பின்னதன் குதிரையும் ஆடுகிறது. வாயோரம் புண்ணாகி, கண் வெள்ளை தெரிய ஆடுகிறது. கூட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் கைதட்டுகிறது.

கைக்குள் வளர்ப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. மனிதரைக் கண்டு பயமே இல்லாத குட்டி, ஓராண்டில் நானூறு பவுண்டும் அதற்கு மேலும் ஆனபிறகு விளையாட்டாக முட்டும், கடிக்கும். பயமும் கூடாது, மரியாதையற்ற உரிமையும் கூடாது. வீட்டில் வளர்த்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

இதன் மறுமுனையை யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நெடுந்தீவில் காணலாம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே கட்டுப்பாடின்றி மேய்கின்றன. வறட்சிக் காலத்தில் தண்ணீர் இன்றி மடிவதும் உண்டு. அரசு வேலையாகக் குதிரை வளர்த்தபோது மனிதர் கையில் இருந்தவை, கை விலகியதும் சில தலைமுறையில் மனிதரைக் கண்டால் ஒதுங்குவனவாகிவிட்டன. பழக்கம் குதிரைச் சாதிக்குக் கடத்தப்படுவதில்லை, ஒவ்வொரு குட்டிக்கும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுபடி கிராஞ்சிக்கு வருவோம். கடந்த சில பத்தாண்டுகளில் இங்கு வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து விமானத்தில் வந்தவை. நியூசிலாந்தின் கராக்காவில் நடக்கும் ‘ரெடி டு ரன்’ ஏலத்தில், ஏற்கெனவே ஆள் ஏற்றி ஓடக் காட்டிய இரண்டு வயதுக் குதிரைகளை நம்மவர்கள் வாங்குவார்கள். ஆக முதல் கடிவாளமும் முதல் சேணமும் அங்கேயே முடிந்தன. சிங்கப்பூருக்கு மிஞ்சியது இரண்டாம் பாடம். குளிரில் வளர்ந்த உடம்பை வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். சில குதிரைகளுக்கு இங்கே வியர்வை நின்றே போகும், மூச்சு இரைக்கும், வேகம் போகும். அதனால்தான் பயிற்சி பொழுது விடியும் முன்பே தொடங்கியது. விளக்கொளியில் நடக்கும் இரவுப் பந்தயம், தொடக்கக் கூண்டின் இரும்புச் சத்தம், நனைந்த புல்தரை, இடியோடு வரும் மாலை மழை என்று பழக வேண்டியவை நிறைய.

இதில் முன்னால் நின்றவர் மறுபடியும் சைஸ்தான். லாயத்தில் சைஸ்களுக்கு மேல் மண்டோர் இருப்பார், அவருக்கு மேல் பயிற்றுநர். தோட்டத் தொழிலாளர் வழியில் நமக்குப் பழக்கமான சொல் குதிரை லாயத்திலும் புழங்கியது. மலேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த இந்தச் சைஸ்கள் கையில் சில குதிரைகள் இருக்கும். குதிரை தீனி மிச்சம் வைத்ததா, தண்ணீர் குறைத்ததா, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று முதலில் அறிபவர் இவர். 2011இல் துபாய் கோல்டன் ஷஹீன் பந்தயத்தை வென்ற ராக்கெட் மேன் சிங்கப்பூர்க் குதிரைகளில் தலைசிறந்தது என்று பலரும் சொல்வார்கள். பயிற்றுநர் பேட்ரிக் ஷா, ஜாக்கி ஃபீலிக்ஸ் கூட்சி என்று உலகம் அறியும். அதன் சைஸ் யார் என்று கேட்டால் விவரம் அறிந்தவர்களும் தயங்குவார்கள். எத்தனையோ விளையாட்டுகளில் இப்படித்தான். ஆனாலும் குதிரைக்கு மட்டும் இது கூடுதல் அநியாயம், ஏனென்றால் ஓடும் அந்த மிருகத்தின் மன அமைதியே அவர் தயாரிப்பு.

2023 ஜூன் 5 அன்று மூடல் அறிவிப்பு வந்தபோது டர்ஃப் கிளப்பில் ஏறக்குறைய 350 பணியாளர்களும் 700 பந்தயக் குதிரைகளும் இருந்தன. 120 ஹெக்டர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அங்கே வீடுகள் வரும். நிலம் குறைந்த ஊரில் அதற்கு எதிராக வாதிடுவது கடினம், நானும் வாதிட மாட்டேன். குதிரைகள் மலேசியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போயின. நிலத்துக்கும் குதிரைக்கும் சொல்லப்பட்ட கணக்கில் ஒன்று விடுபட்டது. இரண்டாம் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த கைகளுக்கு வேறு தொழிலில் என்ன மதிப்பு? வேலை மாற்றப் பயிற்சி வகுப்பில் அவர் தம் திறமையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

குதிரை முழுதாகப் போய்விடவும் இல்லை. 1886இல் தொடங்கிய சிங்கப்பூர் போலோ கிளப் இருக்கிறது. புக்கிட் தீமா சேடல் கிளப் 1951இல் தொடங்கியது, ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகளைச் சவாரிக்கு மறுபடி பழக்குவது அதன் ஆரம்பகால நோக்கங்களில் ஒன்று. இது புதுக்குட்டியைப் பழக்குவதைவிடக் கடினம். பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடு என்று பொருள். சவாரிக் குதிரைக்கு இறுகினால் நில் என்று பொருள். கற்றதை அழித்துக் கற்க வேண்டும். அவசரப்படுபவருக்குக் குதிரை பழைய பாடத்தையே ஒப்பிக்கும், அதுவும் முழு வேகத்தில்.

1982இல் தொடங்கிய உடற்குறையுள்ளோருக்கான சவாரிச் சங்கமும், 2015இல் தொடங்கிய ஈக்வல் அமைப்பும் குதிரைகளோடு வேலை செய்கின்றன. அங்கே வேண்டியது வேகம் இல்லை. சக்கர நாற்காலி உரசினாலும், தலைக்கு மேல் கை வீசினாலும், எதிர்பாராமல் ஒரு குழந்தை வீரிட்டாலும் கால் பெயராத குதிரை வேண்டும். ஏற்றிவிடும் மேடைக்கும் குதிரைக்கும் இடையே சாண் இடைவெளிகூட விடாமல் நிற்கக் கற்றுக்கொடுக்க மாதங்கள் ஆகும். நாற்காலியை முதலில் தூரத்தில் நிறுத்துவார்கள், பிறகு தள்ளிக்கொண்டு விலகிப் போவார்கள், பிறகு எதிரே வருவார்கள், கடைசியில் விலாவில் தொடவைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் குதிரை காதைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தும்வரை காத்திருந்து, அப்போதுதான் விலகுவார்கள். கிராஞ்சியில் வேலை இழந்த ஒரு சைஸுக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வேலைகள் இந்தத் தீவில் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பதுதான் பிரச்சினை.